1.5 டிகிரியைத் தாண்டிவிட்டோமா? காலநிலைச் செய்திகளில் வரும் சொற்களைப் படிப்பது எப்படி

2025 ஜனவரியில் உலக வானிலை அமைப்பு ஒரு கணக்கை வெளியிட்டது. 2024-ஆம் ஆண்டில் பூமியின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் அதிகம் என்றது அந்தக் கணக்கு. "பாரிஸ் ஒப்பந்தத்தின் எல்லை உடைந்தது" என்று சில செய்திகள் வந்தன. "எல்லை இன்னும் உடையவில்லை" என்றும் செய்திகள் வந்தன. இரண்டையும் படித்தவர்கள் குழம்பிப்போனதில் வியப்பில்லை.

இரண்டு செய்தியிலும் எண் ஒன்றுதான். "எல்லை" என்ற சொல்லை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டதால் வந்த சிக்கல் இது. காலநிலை தொடர்பான சொற்களில் பெரும்பாலானவை வெறும் பெயர்கள் அல்ல, அளவைகள். அளவை என்றால் அதற்குப் பின்னால் மூன்று கேள்விகள் இருக்கும்.

1. எதோடு ஒப்பிட்டு அளந்தார்கள்?
2. எவ்வளவு காலத்துக்கு அளந்தார்கள்?
3. எதைக் கணக்கில் சேர்த்தார்கள், எதை விட்டார்கள்?

கீழே வரும் சொற்களை எல்லாம் இந்த மூன்றையும் வைத்தே பார்ப்போம்.

வானிலை, காலநிலை, பருவநிலை

இன்று மதியம் மதுரையில் மழை பெய்யுமா என்பது வானிலை. மதுரையில் அக்டோபர் மாதம் வழக்கமாக எவ்வளவு மழை பெய்யும் என்பது காலநிலை. வழக்கம் என்று சொல்ல எத்தனை ஆண்டுகள் வேண்டும்? உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுகள் என்று வைத்திருக்கிறது. இப்போது பயன்பாட்டில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலான சராசரி.

தமிழில் இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. நம் நாளிதழ்கள் ஒரே பொருளில் காலநிலை மாற்றம், பருவநிலை மாற்றம், தட்பவெப்ப மாற்றம் என்று மூன்று விதமாக எழுதுகின்றன. "பருவநிலை மாற்றம்" என்று கேட்டால், வெயில் காலம் போய் மழைக்காலம் வருவதுபோல இயல்பான ஒன்று என்று தோன்றிவிடும். இலங்கைத் தமிழ்ச் செய்திகளிலோ "சீரற்ற காலநிலை காரணமாகப் பாடசாலைகளுக்கு விடுமுறை" என்று சொல்வது வழக்கம்; அங்கே காலநிலை என்ற சொல் அன்றைய வானிலையையே குறிக்கிறது. ஆகவே சொல்லைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். பேசப்படுவது ஒரு நாளா, முப்பது ஆண்டுகளா என்று பார்த்தால் போதும்.

1.5 டிகிரி என்பது எதிலிருந்து?

2015-இல் பாரிஸில் நாடுகள் ஒப்புக்கொண்டது இது: புவி வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு வெகு கீழே வைத்திருப்பது, 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வது. ஒப்பீட்டுப் புள்ளி, "தொழிற்புரட்சிக்கு முந்தைய காலம்". நடைமுறையில் 1850 முதல் 1900 வரையிலான சராசரியை அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்பு உலகம் முழுவதற்கும் போதுமான வெப்பமானிப் பதிவுகள் இல்லை என்பதே காரணம்.

அடுத்து, கால அளவு. ஓர் ஆண்டு மட்டும் 1.5-ஐத் தாண்டினால் எல்லை உடைந்ததாக அறிவியலாளர்கள் கொள்வதில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுச் சராசரியைப் பார்க்கிறார்கள். 2023-24இல் எல் நினோ இருந்தது. பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை அது. அந்த ஆண்டுகளில் உலகச் சராசரி கொஞ்சம் எகிறும், பிறகு இறங்கும். 2024-இன் எண்ணில் அதற்கும் பங்கு உண்டு. ஆக, நீண்டகாலச் சராசரி அப்போது 1.5-ஐத் தொடவில்லை என்பது சரி. அதை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதும் சரி. இரண்டாவதை மறைக்க முதலாவதைப் பயன்படுத்துவதுதான் தவறு.

"ஒன்றரை டிகிரிதானே, காலைக்கும் மாலைக்குமே பத்து டிகிரி வித்தியாசம் இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இது பூமி முழுவதற்குமான சராசரி, கடலையும் துருவத்தையும் சேர்த்து. கடைசிப் பனியூழியின் உச்சத்தில் வட அமெரிக்காவின் பெரும்பகுதி கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிக்கு அடியில் கிடந்தது. அப்போதைய உலகச் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஆறு டிகிரி அளவுதான் குறைவு.

"பசுமை இல்ல வாயு" நல்லதா, கெட்டதா?

தமிழில் பசுமை என்றாலே நல்லது. பசுமைப் புரட்சி, பசுமைத் தீர்ப்பாயம், பசுமை எரிசக்தி என்ற வரிசையில் "பசுமை இல்ல வாயு" என்று படிக்கும் மாணவர், அது ஏதோ மரம் வெளியிடும் நல்ல காற்று என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கே பசுமை இல்லம் என்பது ஓசூர் பக்கம் ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ் போன்ற கூடாரம். வெயில் உள்ளே வரும், சூடு எளிதில் வெளியேறாது.

கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு, நீராவி ஆகியவை பூமிக்கு இதே வேலையைச் செய்கின்றன, வேறு முறையில். சூரிய ஒளியை உள்ளே விடுகின்றன. தரை திருப்பி அனுப்பும் அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சி, ஒரு பகுதியைக் கீழேயே அனுப்புகின்றன. இவை அறவே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கும்; இருப்பதால் 15 டிகிரி அளவில் இருக்கிறது. எனவே இவை இருப்பது கேடல்ல, கூடிக்கொண்டே போவதுதான் கேடு. கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வீடனைச் சேர்ந்த அர்ரேனியஸ் 1896-லேயே கணக்குப் போட்டார். நேற்று கிளம்பிய கருத்து அல்ல இது.

இதோடு அடிக்கடி கலந்துவிடும் இன்னொன்று, ஓசோன் ஓட்டை. அது வேறு பிரச்சினை. ஓசோன் படலம் புற ஊதாக் கதிர்களைத் தடுப்பது. அதைக் கெடுத்த குளோரோஃபுளூரோகார்பன்களை 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கை கட்டுப்படுத்தியது. படலம் மெல்ல மீண்டு வருகிறது. புவி சூடாவதற்கு ஓசோன் ஓட்டை காரணம் அல்ல.

உமிழ்வு குறைந்தும் வாயு ஏன் கூடுகிறது?

இந்த ஒரு இடத்தில்தான் நன்றாகப் படித்தவர்களும் இடறுகிறார்கள். ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால்வாயில் தண்ணீர் வருகிறது, மதகு வழியே வெளியேறுகிறது. வரத்து, வெளியேற்றத்தைவிட அதிகமாக இருக்கும்வரை நீர்மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். வரத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் ஏறும், மெதுவாக ஏறும்.

- உமிழ்வு என்பது வரத்து: ஆண்டுக்கு எத்தனை டன் வெளியிடுகிறோம்.
- காடும் கடலும் உறிஞ்சுவது மதகு. நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்குச் சற்று மேல் இப்படிப் போகிறது.
- செறிவு என்பது நீர்மட்டம். இதைப் பிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள்; பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் எத்தனை என்று பொருள்.

தொழிற்புரட்சிக்கு முன் இந்த மட்டம் 280 பிபிஎம் அளவில் இருந்தது. ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது ஏறத்தாழ 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. 2020 கொரோனா ஊரடங்கில் விமானங்கள் நின்றன, ஆலைகள் மூடின, உலக உமிழ்வு 5 சதவீத அளவுக்குக் குறைந்தது. அந்த ஆண்டும் செறிவு ஏறியது. "இயற்கை மீண்டுவிட்டது" என்று அப்போது பரவிய படங்களுக்கும் இந்த அளவீட்டுக்கும் இடையில் இருந்த தூரம் அதுதான்.

ஏரி நிரம்ப இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்ற கணக்குக்குப் பெயர் கார்பன் பட்ஜெட். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவான ஐபிசிசி, 2020 தொடக்கத்திலிருந்து இன்னும் 50,000 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு வெளியிட்டால் 1.5 டிகிரிக்குள் நிற்க ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு என்று சொன்னது. உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 கோடி டன் வெளியிடுகிறது. வகுத்துப் பார்த்தால் பன்னிரண்டரை ஆண்டுகள். 2025 முடிவதற்குள் அதில் பாதிக்கு அருகில் செலவாகிவிட்டது. அந்தச் செலவுக்குக் கிடைப்பதும் உறுதி அல்ல, நாணயம் சுண்டுவதற்குச் சமமான வாய்ப்பு மட்டுமே.

கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான டன்

எல்லா வாயுவும் ஒரே மாதிரிச் சூடாக்குவதில்லை. அதனால் எல்லாவற்றையும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிச் சொல்கிறார்கள். ஒரு டன் மீத்தேன் எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்? 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 28. 20 ஆண்டுக் கணக்கில் சுமார் 80. இரண்டும் உண்மை! மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டு அளவில் சிதைந்துவிடும், ஆனால் இருக்கும்வரை கடுமையாகச் சூடாக்கும். எந்தக் கால அளவை எடுத்தார்கள் என்று சொல்லாத அறிக்கை பாதி அறிக்கைதான்.

மீத்தேன் எரிவாயுக் குழாய்க் கசிவிலிருந்தும், குப்பைமேட்டிலிருந்தும், மாட்டின் வயிற்றிலிருந்தும், தண்ணீர் தேங்கிய நெல்வயலிலிருந்தும் வருகிறது. நம் விவசாயிகள் சொல்லும் "காய்ச்சலும் பாய்ச்சலும்" முறையில், அதாவது வயலை இடையிடையே காயவிட்டு நீர் கட்டும்போது, மீத்தேன் நன்றாகக் குறைகிறது. தண்ணீரும் மிச்சம்.

நிகர பூஜ்யம்

பூஜ்ய உமிழ்வு என்றால் எதையும் வெளியிடாமல் இருப்பது. நிகர பூஜ்யம் என்றால் வெளியிடுவதும் உறிஞ்சுவதும் சமமாவது: ஏரிக் கணக்கில், மட்டம் ஏறுவது நிற்பது. இந்தியா 2021-இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் 2070-க்குள் இதை எட்டுவதாக அறிவித்தது.

இந்தச் சொல்லின் பலவீனம் "நிகர" என்ற ஒட்டில் இருக்கிறது. குறைப்பதற்குப் பதிலாகக் கழித்துக்காட்டலாம். ஒரு நிறுவனம் தன் புகையைக் குறைக்காமல், வேறெங்கோ மரம் நடுவதற்குப் பணம் கொடுத்து, அதற்கான கார்பன் வரவுச் சான்றை வாங்கி, "நாங்கள் கார்பன் நடுநிலை" என்று விளம்பரம் செய்யலாம். நிலக்கரியை எரித்தால் புகை இன்றைக்கே மேலே போகிறது, அதன் விளைவு நூற்றாண்டுகளுக்கு நீடிக்கும். நட்ட கன்று அதை உள்ளிழுக்க இருபது, முப்பது ஆண்டு ஆகும். நடுவில் காட்டுத்தீ வந்தால் எல்லாம் திரும்பக் காற்றுக்கே. இத்தகைய சான்றுகளை முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். காட்டைக் காப்பவர்களுக்கு அதனால் பணம் கிடைக்கவும் செய்கிறது. ஆனால் "கார்பன் நடுநிலை" என்ற முத்திரையைப் பார்த்தால், உண்மையில் எவ்வளவு குறைத்தீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

நிறுவனங்களின் கணக்கில் எல்லைகளும் உண்டு. ஸ்கோப் 1, 2, 3 என்பார்கள். திருப்பூர் சாய ஆலையை எடுத்துக்கொண்டால், அதன் பாய்லரில் எரிவது ஸ்கோப் 1. மின்வாரியத்திடம் வாங்கும் கரண்ட் ஸ்கோப் 2. நூல் எங்கிருந்து வந்தது, துணி எந்தக் கப்பலில் போனது என்பதெல்லாம் ஸ்கோப் 3. பெரும்பாலான பிராண்டுகளுக்கு மூன்றாவதுதான் மலைபோல இருக்கும். அதை விட்டுவிட்டுக் காட்டும் கணக்கு மெலிந்து தெரியும்.

இந்தியாவின் 45, இந்தியாவின் 50

"2030-க்குள் உமிழ்வை 45 சதவீதம் குறைப்போம் என்று இந்தியா உறுதி" என்ற தலைப்பைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். உறுதி அளித்தது அதற்கல்ல. 2005-ஐ ஒப்பிட்டு உமிழ்வுச் செறிவை 45 சதவீதம் குறைப்பதாகத்தான். உமிழ்வுச் செறிவு என்றால், உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு உமிழ்வு என்பது. ஏரிக் கணக்கில் பிபிஎம் அலகில் பார்த்த செறிவு வேறு, இது வேறு.

கற்பனையாக ஒரு கணக்கு: 2005-இல் உற்பத்தி 100, உமிழ்வு 100. பிறகு உற்பத்தி 300 ஆகிறது, செறிவு 45 சதவீதம் குறைகிறது. உமிழ்வு எவ்வளவு? 300-இல் 55 சதவீதம், அதாவது 165. இலக்கை எட்டியாயிற்று, மொத்த உமிழ்வு கூடியும் இருக்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஓர் இந்தியரின் சராசரி உமிழ்வு ஆண்டுக்கு இரண்டு டன் அளவு, ஓர் அமெரிக்கருடையது அதைப்போலப் பல மடங்கு. வளர வேண்டிய நாடு இப்படிப்பட்ட இலக்கை வைப்பது நியாயமே. 2005-க்கும் 2020-க்கும் இடையில் செறிவை 36 சதவீதம் குறைத்துவிட்டதாக இந்தியா ஐ.நா.வுக்கு அறிக்கையும் கொடுத்திருக்கிறது. ஆனால் "உமிழ்வு குறைந்தது" என்று அதை எழுதக் கூடாது.

அடுத்தது 50. மின் நிறுவுதிறனில் பாதி, புதைபடிவ எரிபொருள் (நிலக்கரி, எண்ணெய், எரிவாயு) அல்லாத வழிகளில் இருக்க வேண்டும் என்ற 2030 இலக்கை இந்தியா 2025-லேயே எட்டியது. பெரிய சாதனைதான். அப்படியானால் நம் வீட்டு கரண்டில் பாதி சூரியனும் காற்றும் தருவதா? இல்லை. நிறுவுதிறன் என்பது ஓட முடிந்த அளவு. உற்பத்தி என்பது உண்மையில் ஓடியது.

ஆயிரம் மெகாவாட் நிலையம் நாள் முழுக்க முழு மூச்சில் ஓடினால் 2.4 கோடி யூனிட். அனல் நிலையம் சராசரியாக அதில் 65 முதல் 70 சதவீதம் தரும். சூரிய மின்நிலையத்துக்கு இரவு உண்டு, மேகம் உண்டு. 20 சதவீதம் கிடைத்தாலே நல்லது, அதாவது 48 லட்சம் யூனிட். முப்பந்தலில் ஆடிக்காற்றில் வெறிகொண்டு சுற்றும் காற்றாலை, காற்று ஓய்ந்த மாதங்களில் அசையாமல் நிற்கும். அதனால்தான் நிறுவுதிறனில் பாதி மாறிய பிறகும், நாட்டின் மின் உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிலக்கரியிடமே இருக்கிறது. பேட்டரிச் சேமிப்பு, நீரேற்றுச் சேமிப்பு (மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலேற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது) பற்றி இவ்வளவு பேச்சு எழுவதும் இதனால்தான்.

வெப்ப அலை, மேக வெடிப்பு, நூறாண்டு மழை

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அளவுகோலில், சமவெளியில் குறைந்தது 40 டிகிரியும், கடலோரத்தில் குறைந்தது 37 டிகிரியும் இருந்து, அது இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால் வெப்ப அலை. 45 டிகிரியைத் தொட்டால் இயல்பைப் பார்க்காமலே வெப்ப அலை.

"இயல்பு" என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த 30 ஆண்டுச் சராசரி பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஊர் சூடாகிக்கொண்டே போனால் இயல்பும் மேலே ஏறும். அன்று அசாதாரணமாக இருந்த வெயில் நாளைக்கு இயல்புக்குள் அடங்கிவிடும். மழைக்கும் இப்படியே, அங்கே 50 ஆண்டுச் சராசரி. தென்மேற்குப் பருவமழையின் நாடு தழுவிய நீண்டகாலச் சராசரி முன்பு 88 செ.மீ.; ஒப்பீட்டு ஆண்டுகளை 1971-2020 என்று மாற்றியபோது 87 செ.மீ. ஆனது.

வெப்பமானி காட்டாத இன்னொன்று ஈரப்பதம். மண்பானைத் தண்ணீர் உலர்ந்த வெயிலில் நன்றாகக் குளிரும், புழுக்கத்தில் குளிராது. வியர்வையும் அப்படியே. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளப்பது ஈரக்குமிழ் வெப்பநிலை. அது 35 டிகிரியை எட்டினால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான உடலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது. உழைப்பவருக்கும் முதியவருக்கும் அதற்கு வெகு முன்பே ஆபத்து தொடங்கிவிடும். சென்னையின் 38, வேலூரின் 41-ஐவிட வதைப்பது இதனால்தான். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததற்கு இந்தப் பின்னணி உண்டு. சாலை போடுபவருக்கும் கட்டட வேலை செய்பவருக்கும் இது உயிர்ப் பிரச்சினை.

மேக வெடிப்பு என்பது சிறு பரப்பில் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. அளவு மழை கொட்டுவது. பெருமழை எல்லாம் மேக வெடிப்பு அல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது, அந்த மழைக்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை, அளவே போதும். ஒரு சதுர மீட்டருக்கு 950 லிட்டர்! காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்க முடியும். இப்படிப்பட்ட மழைக்கான மூலப்பொருள் கூடிக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள்.

"நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்றால், ஒருமுறை வந்துவிட்டது, இனி நூறு ஆண்டுக்கு நிம்மதி என்றல்ல. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு. வங்கிக் கடன் வாங்கி 30 ஆண்டு குடியிருக்கும் வீட்டுக்கு, அந்த வெள்ளம் ஒருமுறையாவது வர நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு. அதுவும் பழைய மழைக் கணக்கை வைத்து.

மாநாட்டு மேசையில் மாறும் சொற்கள்

ஐ.நா. காலநிலை மாநாடுகளில் நள்ளிரவு தாண்டியும் சண்டை நடப்பது ஒரு சொல்லுக்காகத்தான். கிளாஸ்கோவில் நிலக்கரி மின்சாரத்தைப் "படிப்படியாக ஒழிப்பது" என்று இருந்த வரைவு, இந்தியா தலையிட்ட கடைசி நேரத்தில் "படிப்படியாகக் குறைப்பது" என்று ஆனது. 2023 துபாயில் புதைபடிவ எரிபொருட்களிலிருந்து "விலகி மாறிச் செல்வது" என்று எழுதினார்கள். ஒழிப்பது என்ற சொல் அங்கும் இடம்பெறவில்லை.

செய்திகளில் அடிக்கடி ஒன்றாகக் கலக்கப்படும் மூன்று சொற்களையும் இங்கேயே பிரித்துவிடலாம்.

1. தணிப்பு: உமிழ்வைக் குறைப்பது, உறிஞ்சுவதைக் கூட்டுவது. சூரியத் தகடு, மின்பேருந்து.
2. தகவமைப்பு: வந்துவிட்ட மாற்றத்தோடு வாழத் தயாராவது. புயல் பாதுகாப்பு மையம், உப்பைத் தாங்கும் நெல். பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் முதலாவதையும் இதையும் சேர்த்தே செய்கின்றன.
3. இழப்பும் சேதமும்: இரண்டும் போதாமல் போனபின் மிஞ்சுவது. கடல் கொண்ட நிலம், உப்பேறிய கிணறு, ஊரை விட்டுப் போன குடும்பம்.

பணம் பெரும்பாலும் முதலாவதற்கே போகிறது. பணக்கார நாடுகள் 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-இல் சொன்னவை, 2022-இல்தான் அந்த அளவை எட்டின. அரசுகள் தந்த பணத்திலும் பெரும்பகுதி கடன். 2024 பாகு மாநாட்டில் 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவானபோதும், அது முழுக்க அரசுகள் தரும் பணம் அல்ல. கடனும் தனியார் முதலீடும் அதற்குள் அடங்கும்.

மூன்றாவதற்கான தனி நிதியம் 2022-இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில் முடிவாகி, அடுத்த ஆண்டு துபாயில் செயலுக்கு வந்தது. தமிழ்ச் செய்திகளில் இதை "காலநிலை இழப்பீட்டு நிதி" என்று எழுதுவதைக் காண முடிகிறது. இழப்பீடு என்றால் தவறு செய்தவர் கடமையாகத் தருவது. பாரிஸ் ஒப்பந்தத்தோடு சேர்த்து 2015-இல் எடுத்த முடிவின் 51-ஆம் பத்தியில், இழப்பு, சேதம் பற்றிய பிரிவு பொறுப்பேற்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படை ஆகாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நிதியத்துக்கு வரும் பணம், நாடுகள் விரும்பித் தரும் நன்கொடை. வீடு போன மீனவர் அதை உரிமை என்று கேட்க, அந்த ஏற்பாட்டில் இன்னும் ஒரு வரி இல்லை.